தண்டர்பேர்ட் 350: கிட் வாங்கப் போய் வால்வு அரைத்த கதை

காரவள்ளி செக்போஸ்ட் தாண்டிக் கொல்லிமலை ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. 2025 ஜனவரியில் நானும் என் மனைவியும் என் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் பைக்கில் போனோம். பின்னால் அவர், இரண்டு பக்கமும் பை, டேங்க் முக்கால்வாசி. முப்பதாவது வளைவைத் தாண்டியதுமே வண்டி திணற ஆரம்பித்தது. இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்தால் வெளியே வரும்போது மூச்சு முட்டுகிறது. முதல் கியருக்கு இறக்கினால்தான் நகர்கிறது. 41ஆம் வளைவில் பின்னாலிருந்து ஒரு மினி பஸ் ஹாரன் அடிக்க, "நான் வேணும்னா இறங்கி நடந்து வரட்டுமா?" என்று மனைவி கேட்டார். 2016இல் இதே மலையை, இதே பாரத்தோடு, பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே ஏறிய வண்டி இது. அந்தக் கேள்வி ஊர் வந்து சேரும்வரை காதில் இருந்தது.

வண்டி 2013 ஜனவரியில் பதிவானது. ஓரகடம் ஆலை அந்த வருஷம் அதற்குப் பிறகுதான் ஓட ஆரம்பித்தது. அதனால் என் வண்டி திருவொற்றியூரில் பிறந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவுக்கு வந்தபோது தொடங்கிய ஆலை அது. தண்டையார்பேட்டையில் என் வீட்டு வாசலிலிருந்து அந்த கேட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. சின்ன வயதில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே வரிசையாக நிற்கிற வண்டிகளை எட்டி எட்டிப் பார்த்தவன் நான். இந்த வண்டியை விற்றுவிட்டுப் புதுசு வாங்கு என்று யார் சொன்னாலும் மனசு கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

என்ஜின் 346 சிசி. போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. அதாவது பிஸ்டனின் அகலத்தைவிட அது ஏறி இறங்குகிற தூரம் அதிகம். கம்ப்ரஷன் 8.5:1. புதிதாக இருந்தபோது 5250 ஆர்பிஎம்மில் 19.8 குதிரைத்திறன், 4000 ஆர்பிஎம்மில் 28 நியூட்டன் மீட்டர் இழுவை. இரண்டு பிளக், ஐந்து கியர், கார்ப்பரேட்டர். மீட்டரில் 68,000 கிலோமீட்டர் சொச்சம்.

ஊருக்கு வந்த முதல் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேராக வண்டிச் சாமான் கடைகள் இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் என்ஜினை 535 சிசி ஆக்குகிற பிஸ்டன், பேரல் கிட், ஒரு கடையில் பெரிய கார்ப்பரேட்டர், எல்லாக் கடையிலும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். பிஸ்டன், பேரல், கேம், கார்ப்பரேட்டர், சைலன்சர், கூலி என எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கையை விட்டவன், மெக்கானிக் பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

பாய்க்குக் கொருக்குப்பேட்டையில் ஒரு தகர ஷெட். நாற்பது வருஷமாகப் புல்லட் மட்டும்தான் பார்க்கிறார். கடைக்காரர் எழுதிய தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"எவ்ளோ ஸ்பீடு போவணும் உனுக்கு?"

"எண்பது, தொண்ணூறு போதும் பாய். மலையில இழுக்கணும். அவங்க பின்னாடி உட்கார்ந்திருக்கப்ப ஓவர்டேக் பண்ணா பயமில்லாம இருக்கணும்."

"முன்னாடி இழுத்துச்சா?"

"நல்லா இழுத்துச்சு."

"அப்ப புதுசா எதுக்கு வாங்குற? இருந்தது எங்க போச்சுனு மொதல்ல தேடு. அது கெடச்சதுக்கு அப்புறமும் பத்தலன்னா வா, பேசுவோம்."

அன்று ராத்திரி ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். அதைத் தள்ளத் தேவைப்படும் சக்தியோ வேகத்தின் முப்படிக்கு ஏறும். 90இல் போகிற வண்டியை 110க்குக் கொண்டுபோக, காற்றுக்கு மட்டுமே ஏறக்குறைய 80 விழுக்காடு கூடுதல் சக்தி வேண்டும். திருப்பிப் போட்டால், என்ஜின் சக்தியைப் பத்து விழுக்காடு கூட்டினாலும் டாப் ஸ்பீடு மூன்று விழுக்காடுதான் கூடும். 115 போகிற வண்டி 119 போகும். அதற்காகப் பணம் கொட்டுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. இன்னொரு கணக்கும் போட்டேன். 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் 5250 ஆர்பிஎம் ஓடினால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.75 மீட்டர். 4000இல் அது 12 மீட்டர். இந்த என்ஜின் அதிக ஆர்பிஎம்மில் கத்துவதற்குச் செய்ததில்லை. 2500க்கும் 4000க்கும் நடுவில்தான் இதன் வாழ்க்கை. நான் டூரில் ஓட்டுகிற இடமும் அதுதான். எந்த வேலை செய்தாலும் அந்த இடத்தில் இழுவை கூடுகிறதா என்று மட்டும் பார்ப்பது என முடிவு செய்தேன்.

பார்ப்பதென்றால் அளக்க வேண்டும். புதுச் சாமான் போட்ட அன்றைக்கு எல்லா வண்டியும் நன்றாக ஓடுவது போலத்தான் இருக்கும். சத்தம் மாறினாலே வேகம் கூடிவிட்டதாகத் தோன்றும். அதனால் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இது நடக்காது. செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. ரோட்டில் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் ஒரு நேர்துண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. நாலாவது கியர், பின்னால் மச்சான் உட்கார்ந்து போனில் நேரம் பிடிப்பான். 60இலிருந்து 90க்கு முழு ஆக்சிலேட்டர். போகும்போது மூன்று, காற்றுக் கணக்கு சரியாக வருவதற்காகத் திரும்பும்போது மூன்று, ஆறுக்கும் சராசரி. டயர் காற்று, பெட்ரோல் அளவு எப்போதும் ஒன்றே. முதல் நாள் கணக்கு 15.6 நொடி. இதுதான் நோட்டில் முதல் வரி.

முதலில் செலவில்லாத வேலைகள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு போலப் படிந்திருந்தது. வடசென்னையில் குடியிருப்பவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல், லாரிப் புகை, கடற்கரை மணல் எல்லாம் கலந்தது. எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடிய ஃபில்டர் அது. மாற்றினேன். செயின் ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தொங்கல். செட்டாகவே மாற்றினேன். பின் பிரேக் லேசாக உரசிக்கொண்டே இருந்தது. சரிசெய்தேன். இத்தனைக்கும் சேர்த்து 15.6 என்பது 15.1 ஆனது.

அடுத்தது கார்ப்பரேட்டர். இது சிவி வகை. ஆக்சிலேட்டர் கேபிள் திறப்பது கீழே இருக்கும் பட்டாம்பூச்சித் தகட்டை மட்டும்தான். மேலே இருந்து காற்று வழியை மறைக்கிற ஸ்லைடைத் தூக்குவது காற்றழுத்த வித்தியாசம். அந்த வித்தியாசத்தைப் பிடித்து வைப்பது ஒரு மெல்லிய கறுப்பு ரப்பர் டயஃப்ரம். பாய் மேல்மூடியைக் கழற்றி டயஃப்ரத்தை வெளியே எடுத்தார். ஷெட்டின் தகரக் கூரையில் ஓர் ஓட்டை வழியே வெயில் கோடு போல விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு நேரே ரப்பரைப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக இழுத்துக்கொண்டே சுற்றினார். முக்கால் சுற்றில் நின்றார். மடிப்பின் ஓரத்தில் ஊசி குத்தியது போல ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. இழுக்காமல் பார்த்தால் இரண்டும் மூடிக்கொள்கின்றன. இந்த வண்டியின் கார்ப்பரேட்டரை நான் நாலு தடவை கழுவியிருக்கிறேன். இப்படி இழுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஓட்டை இருந்தால் ஸ்லைடு முழுசாக எழும்பாது. நாம் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் என்ஜினுக்குக் கிடைப்பது முக்கால்தான்.

அதே மூச்சில் ஐடிலிங்கில் ஓடவிட்டு, கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் மேனிஃபோல்டைச் சுற்றி கார்ப் கிளீனரைத் துளித்துளியாகத் தெளித்தார். ஓர் இடத்தில் பட்டதும் என்ஜின் ஓசை மாறியது. அங்கே வெடிப்பு. காற்றுத் திருட்டு. சூடான என்ஜினில் இதை வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் சைலன்சர் பக்கம் தெளித்துவிடக் கூடாது, தீப்பிடிக்கும். டயஃப்ரம், மேனிஃபோல்டு இரண்டும் புதுசு. 14.0 நொடி.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். மலையில் ஒருவேளை சமாளித்திருக்கும். ஆனால் பாய் தலையை ஆட்டினார். "காலையில செல்ஃப் அடிச்சா ஒடனே எடுக்குதா?" என்றார். இல்லை, இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது.

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கலாமே என்றேன். இந்த யூசிஇ என்ஜினில் (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கிற வகை) அது பொய் சொல்லும் என்றார். செல்ஃப் மோட்டாருக்குச் சுமை குறையட்டும் என்று புகை போகிற எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்கும் கேமில் ஒரு டீகம்ப்ரஸர் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகிற வேகத்தில் அது வால்வை லேசாகத் திறந்து வைக்கும். கேஜில் எண் குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று பயந்து, பேரலைக் குடைந்து புதுப் பிஸ்டன் போட்டவர்கள் உண்டாம். அதற்குப் பதில் லீக் டவுன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் ஓஸ் வாயைப் பற்றவைத்து, இரண்டு கேஜ் மாட்டி அவரே செய்த கருவி. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தினோம். டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை நான் மிதித்துக்கொண்டேன். இல்லையென்றால் காற்று பிஸ்டனைக் கீழே தள்ளி சக்கரம் சுற்றிவிடும். ஒரு பிளக்கை மூடியபடி வைத்து, இன்னொரு பிளக் ஓட்டை வழியே 100 பிஎஸ்ஐ காற்று. இரண்டாவது கேஜ் 71இல் நின்றது. 29 விழுக்காடு கசிவு. ரோட்டில் ஓடுகிற என்ஜினுக்குப் பத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. இருபதைத் தாண்டினால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

எங்கே கசிகிறது என்று காது சொல்லும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்தேன். லேசான மூச்சு, அவ்வளவுதான். அதனால் ரிங் பரவாயில்லை. கார்ப்பரேட்டர் வாயில் சத்தமில்லை. சைலன்சர் முனையில் காதை வைத்தால் 'உஸ்ஸ்' என்று பிரஷர் குக்கர் விசிலுக்கு முன்னால் வருகிற சத்தம். எக்ஸாஸ்ட் வால்வு.

ஹெட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. வால்வு மூடி உட்காருகிற வளையமான சீட்டின் ஒரு பக்கத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள், ஓரத்தில் பழைய துரு. பாய் என்னைப் பார்த்து, "மிக்ஜாம்ல வண்டி எங்க நின்னுச்சு?" என்று கேட்டார். 2023 டிசம்பர் முதல் வாரம் வந்த புயல் அது. எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். வண்டி மூன்று நாள் சைலன்சர் முழுகி நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஆயிலை மாற்றினேன், பெட்ரோலை இறக்கினேன், பிளக்கைக் கழற்றி உதறினேன், வண்டி ஓடிவிட்டது. ஓடிவிட்டதால் எல்லாம் சரி என்று நம்பிவிட்டேன். நின்ற நிலையில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் திறந்திருந்திருக்கும். சைலன்சர் வழியே வந்த ஈரம் சீட்டில் உட்கார்ந்து துருவாக்கியது. அந்தத் துரு உதிர்ந்த இடத்தில் சூடான வாயு வழி கண்டுபிடித்து, ஒரு வருஷமாக அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த வெள்ளத்தில் முழுகிய வண்டி வைத்திருக்கிற வியாசர்பாடி, மணலி, எண்ணூர்க்காரர்கள் இந்த ஒரு சோதனையை மட்டும் கட்டாயம் செய்து பாருங்கள். என்னைப் போலப் பலருடைய வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஹெட்டை ஒரு கோணியில் சுற்றிப் பழைய வண்ணாரப்பேட்டையில் பாய்க்குத் தெரிந்த லேத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கிற டர்னர் அண்ணன் அறுபது வயதைத் தாண்டியவர். முதலில் வால்வின் தண்டு ஏறி இறங்குகிற கைடில் புது வால்வைச் செருகி ஆட்டிப் பார்த்தார். எக்ஸாஸ்ட் கைடு தேய்ந்திருந்தது, மாற்றச் சொன்னார். கைடு சரியில்லாமல் சீட்டை மட்டும் வெட்டினால் வால்வு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் உட்காரும், ஆயிரம் கிலோமீட்டரில் பழையபடி ஆகிவிடும் என்றார். பிறகு கையால் சுற்றுகிற கட்டர். சீட்டுக்கு 45 டிகிரி, அதற்கு மேலே 30, கீழே 60. மூன்று கோணம். காற்று ஒரே கூர்மையான விளிம்பில் மோதாமல் மூன்று சின்னத் திருப்பமாக வளைந்து போகும். வால்வு லேசாகத் திறந்திருக்கிற நேரத்தில், அதாவது நமக்கு வேண்டிய குறைந்த ஆர்பிஎம்மில், இது நிஜமாகவே உதவும். இன்டேக் சீட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டி, எக்ஸாஸ்ட் ஒன்றரை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே அந்த சீட்டின் வழியாகத்தான், அதனால் அதை ஒல்லியாக்கக் கூடாது. ஐந்நூறு ரூபாய் குறைத்துப் பேசலாம் என்று போனவன், அவர் கையைப் பார்த்தபிறகு வாயைத் திறக்கவில்லை.

அரைக்கிற வேலையை என்னிடமே கொடுத்தார்கள். வால்வின் முகத்தில் கிரைண்டிங் பேஸ்டைப் பொட்டு வைப்பது போல நாலு இடத்தில் தொட்டு, ரப்பர் கப் வைத்த குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மத்துக் கடைவது போல உருட்ட வேண்டும். பத்து உருட்டு, தூக்கு, கால் சுற்றுத் திருப்பு, மறுபடி பத்து. ஆரம்பத்தில் மணலை மிதிப்பது போலக் கரகரவென்று இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் மெலிந்து, பட்டுத்துணியைத் தடவுகிற மாதிரி ஆகும். அப்போது துடைத்துப் பார்த்தால் சுற்றிலும் ஒரே அகலத்தில் மங்கலான சாம்பல் வளையம். எக்ஸாஸ்டுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. பென்சிலால் வால்வு முகத்தில் குறுக்குக் கோடுகள் போட்டு, சீட்டில் வைத்து லேசாகத் திருப்பி எடுத்தேன். எல்லாக் கோடும் ஒரே இடத்தில் அறுந்திருந்தது. ஸ்பிரிங் மாட்டி, காற்றும் புகையும் போகிற வழியான போர்ட்டுக்குள் பெட்ரோல் ஊற்றி வைத்தோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு சொட்டுக்கூட இந்தப் பக்கம் கசியவில்லை.

போரை அளந்தார்கள், தேய்மானம் அளவுக்குள் இருந்தது. ரிங்கைத் தொடவில்லை. போர்ட்டுகளில் கரியைச் சுரண்டியதோடு சரி. பெரிதாக்கவில்லை. போர்ட்டைக் குடைந்தால் காற்றின் வேகம் குறையும், கீழ் இழுவை போகும். அது மேலே கத்துகிற என்ஜினுக்கான வேலை.

மாட்டும்போது ஒரு விஷயம். இதில் வால்வு இடைவெளியைக் கையால் வைக்கிற டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, ஆயிலால் தானே சரிசெய்துகொள்கிற ஹைட்ராலிக் லிஃப்டர். ஆயில் நிறைந்த லிஃப்டரின் மேல் ராக்கரை இறுக்கியதும் வால்வு கொஞ்சம் திறந்தே நிற்கும். அப்போது அவசரப்பட்டு செல்ஃப் அடித்துவிடக் கூடாது. லிஃப்டர் தானாக வடிந்து, புஷ்ராடு விரலால் சுற்றினால் சுழல்கிற அளவுக்குத் தளரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். ஸ்டார்ட் ஆனதும் டகடகவென்று ஒரு சத்தம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாய் கையைக் காட்டி, "இரு, எண்ணெய் ஏறட்டும்" என்றார். இரண்டு நிமிஷத்தில் சத்தம் அடங்கி, அந்த நிதானமான தொப் தொப் மட்டும் மிஞ்சியது. முன்னூறு கிலோமீட்டர் ஓட்டியபிறகு லீக் டவுன் 8 விழுக்காடு. ஜி.என்.டி. ரோட்டில் 12.1 நொடி.

15.6இலிருந்து 12.1. இதுவரை நான் ஒரு சாமானையும் 'அப்கிரேடு' என்ற பெயரில் வாங்கவில்லை.

இப்போதுதான் நிஜமான தேர்வு. கடைக்காரர் தாளை மறுபடி விரித்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

535 கிட் என்றால் போர் 87 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் அதே 90. பிஸ்டன் பரப்பு என்னுடையதைப் போல ஒன்றரை மடங்கு. அதன் லைனர் இறங்க கிராங்க்கேஸின் வாயை அகலப்படுத்த வேண்டும். பிஸ்டன் கனம் கூடினால் கிராங்கின் பேலன்ஸ் மாறும், அதிர்வு கூடும். கிளட்ச், கியர் எல்லாம் 28 நியூட்டன் மீட்டருக்குச் செய்தவை. அதையெல்லாம் சரிக்கட்டினாலும் ஆர்சியில் 346 சிசி என்று இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மனைவியை உட்காரவைத்து ஊர் ஊராகப் போகிறவன் இன்சூரன்ஸில் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொள்ள முடியாது. தள்ளிவிட்டேன்.

ஹை கம்ப்ரஷன் பிஸ்டன். 8.5ஐ 9.5 ஆக்கினால் ஏட்டுக் கணக்கில் கிடைக்கிற திறன் மூன்று விழுக்காடு. காற்றை மட்டும் நம்பிக் குளிர்கிற என்ஜின், மே மாத வெயில், மலை ஏற்றம், பின்னால் ஆள். மூன்று விழுக்காட்டுக்காக அந்தச் சூட்டை நான் ஏற்றத் தயாரில்லை. கேமும் பெரிய கார்ப்பரேட்டரும் கீழ் ஆர்பிஎம்மில் இருக்கிற இழுவையை எடுத்து மேலே வைப்பவை. எனக்கு வேண்டியது கீழே.

சைலன்சரை மட்டும் நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கி நிஜமாகவே போட்டுப் பார்த்தேன். உள்ளே தடுப்பே இல்லாத நேர்க்குழாய். நாலாம் கியர் சோதனையில் 12.3 நொடி. அதாவது லேசாக மோசம். ஆக்சிலேட்டரை விட்டால் படபடவென்று வெடிக்கிறது. கும்மிடிப்பூண்டி போய்வருவதற்குள் மச்சானுக்குத் தலைவலி. சத்தத்துக்குச் சட்டத்தில் 190(2) இருக்கிறது, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அதையும் தாண்டி, எங்கள் தெருவில் ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்குகிறவர்கள் அதிகம். நானும் அதில் ஒருவன். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெட்டியை எடுத்துவிட்டு மாட்டுகிற கூம்பு ஃபில்டர் வேண்டாம் என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். சிவி கார்ப்பரேட்டருக்கு முன்னால் அமைதியான காற்று வேண்டும். ஃபில்டர் பெட்டி இருப்பதே அதற்கு. பெட்டியை எடுத்துவிட்டால் குறுக்குக் காற்றிலும் மழையிலும் ஸ்லைடு தடுமாறும். நம் பக்கத்துச் சாம்பலும் உப்புக் காற்றும் வேறு. பெட்டியை அப்படியே வைத்து, அதற்குள் உட்காருகிற, எண்ணெய் தடவிக் கழுவிப் பயன்படுத்துகிற பருத்தி ஃபில்டர் ஒன்று வாங்கினேன். வேகத்துக்காக இல்லை. மாசத்துக்கு ஒருமுறை கழுவலாம் என்பதற்காக.

நான் உண்மையில் 'கூட்டிய' ஒரே விஷயம் ஜெட், அதாவது கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வருகிற ஓட்டை. அதற்குக் காரணம் பெட்ரோல். இந்த வண்டி வந்த காலத்துப் பெட்ரோல் வேறு, இப்போது பங்க்கில் வருகிற ஈ20 வேறு. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்தால் 13.5 பங்கு போதும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. இன்ஜெக்ஷன் வண்டிகளில் சென்சர் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்ப்பரேட்டருக்குக் கண் கிடையாது. அதே ஓட்டை வழியே அதே அளவுதான் போகும். அதனால் கலவை வறண்டுவிடும், அதாவது காற்றுக்குத் தேவையான பெட்ரோல் குறைந்துவிடும். வறண்ட கலவை என்றால் சூடு, இழுவைக் குறைவு, ஆக்சிலேட்டர் திருகியதும் ஒரு விக்கல்.

மெயின் ஜெட்டை இரண்டு எண் பெரியதாக்கினேன், ஊசிக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று. பரிசோதனை பழைய முறைதான். புதுப் பிளக் இரண்டு, முழு ஆக்சிலேட்டரில் ஒரு கிலோமீட்டர், கிளட்சைப் பிடித்துக்கொண்டே கில் ஸ்விட்சை அணைத்து, அப்படியே உருண்டு ஓரங்கட்டி, சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. இரண்டு எண்ணில் நுனி கறுத்திருந்தது. ஒரு எண்ணுக்கு இறக்கினேன். பீங்கான் ஓரத்தில் டீத்தூள் கறையைக் கழுவியது போல ஒரு மெல்லிய பழுப்பு. அங்கேயே நிறுத்திவிட்டேன். 11.5 நொடி. பெட்ரோல் ஓஸ்களையும் எத்தனால் தாங்குகிறதாக மாற்றினேன். பழையவை கையில் பிடித்தால் ஊறிய அப்பளம் மாதிரி இருந்தன. இப்போதெல்லாம் டேங்கைக் காலியாக வைப்பதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்கரை ஊரில் பாதி டேங்கில் வண்டியை நிறுத்தினால் உள்ளே துருப்பிடிக்கும்.

முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டலாமா என்றும் யோசித்தேன். அதே வேகத்தில் ஆர்பிஎம் ஐந்து விழுக்காடு குறையும், ஹைவேயில் சுகமாக இருக்கும். ஆனால் மலையில் அதே ஐந்து விழுக்காடு கையைவிட்டுப் போகும். கொல்லிமலையை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்று விட்டேன். சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மொத்தச் செலவு செயின் செட்டோடு சேர்த்துப் பதினொன்றாயிரத்துச் சொச்சம். லீக் டவுனுக்குப் பாய் காசு வாங்கவில்லை.

ஜூலையில் மறுபடி கொல்லிமலை போனோம். அதே பைகள், அதே டேங்க் அளவு. காரவள்ளியில் டீ குடித்து, என்ஜினைப் பத்து நிமிஷம் ஆறவிட்டு ஏறினோம். லேசான தூறல். முப்பது தாண்டியது, நாற்பது தாண்டியது. 41ஆம் வளைவில் இரண்டாம் கியர், ஆக்சிலேட்டர் பாதிதான் திறந்திருந்தது. வண்டி உறுமாமல், உதறாமல் வளைந்து மேலே போனது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். மழைக்கோட்டுத் தொப்பிக்குள்ளிருந்து வளைவு எண் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தார். 58ஆம் வளைவில் முதல் கியர் தேவைப்பட்டது, எதிரே ஒரு லாரி முழு ரோட்டையும் அடைத்துத் திரும்பியதால். எழுபதில் நிறுத்தி ஹெட்டைச் சுற்றிப் பார்த்தேன், பேக்கிங்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. சைலன்சரின் பின் பிராக்கெட்டில் மட்டும் வெள்ளத்துத் துரு உள்ளே இறங்கி, வெல்டிங் ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல். ஊருக்கு வந்ததும் அதைப் பற்றவைக்கக் கொடுத்திருக்கிறேன்.